எக்ஸ்போர்ட் செய்த ஒலிகளின் லெவலை ஒன்றுக்கொன்று பொருத்துவது எப்படி?

சவுண்ட் டிசைன் பழக ஆரம்பித்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். குறும்படத்துக்கோ கேமுக்கோ நாற்பது ஐம்பது சத்தங்களைச் செய்து, தனித்தனி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபோல்டரில் போட்டாயிற்று. வரிசையாக ஓடவிட்டுக் கேட்டால் ஒன்று காதைக் கிழிக்கிறது, அடுத்தது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உடனே கை போகும் இடம் நார்மலைஸ் பொத்தான், அதாவது ஒலியின் லெவலை நாம் கொடுத்த எண்ணுக்குத் தானாக ஏற்றி இறக்கும் வசதி. எல்லா ஃபைலையும் தேர்ந்தெடுத்து, ஒரு எண்ணைக் கொடுத்து அமுக்கினால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும்.

முடியாது. சாவி திருகும் சத்தமும் கதவை அறைந்து சாத்தும் சத்தமும் ஒரே அளவில் வந்து நிற்கும். எந்த ஃபைலை எதோடு சேர்த்து நார்மலைஸ் செய்வது, எதைத் தனியாகச் செய்வது, எதைத் தொடவே கூடாது என்று பிரிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. எண்ணைப் போட்டு அமுக்குவது கடைசி ஐந்து நிமிடம்.

எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்பே

எல்லா ஒலியும் சேர்ந்து வெளியே போகும் மாஸ்டர் சானலில், பலமான சத்தங்களை அமுக்கும் லிமிட்டரோ கம்ப்ரஸரோ இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்போது பலமான சத்தங்கள் மட்டும் அமுங்கும், மெல்லியவை அப்படியே போகும். பிறகு என்ன கெய்ன் (ஒலியை ஏற்றி இறக்கும் அளவு) கொடுத்தாலும் அந்த அமுக்கத்தை விடுவிக்க முடியாது. எக்ஸ்போர்ட் பெட்டியிலேயே நார்மலைஸ் என்று ஒரு டிக் இருக்கிறதா பாருங்கள். பல மென்பொருள்களில் இருக்கும். போன வேலைக்காகப் போட்ட டிக் இந்த வேலையிலும் அப்படியே இருந்து, ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகத் தூக்கிவிடும். நமக்குத் தெரியவே தெரியாது.

ஃபார்மேட் 24 பிட் வேவ், அல்லது 32 பிட் ஃப்ளோட். இரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பு 0 டெசிபல், மற்ற லெவல்கள் அதற்குக் கீழே மைனஸில் வரும். 24 பிட்டில் 0-ஐத் தாண்டிய அலை அந்த இடத்திலேயே வெட்டுப்பட்டுவிடும், போனது போனதுதான். 32 பிட் ஃப்ளோட்டில் 0-ஐத் தாண்டிப் போனாலும் அலை முழுதாகவே இருக்கும், பிறகு இறக்கிக்கொள்ளலாம். லெவலை இனிமேல்தான் சரிசெய்யப் போகிறோம் என்பதால் நான் இடைக்கால ஃபைல்கள் எல்லாவற்றையும் ஃப்ளோட்டில்தான் எடுப்பேன். சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

அப்புறம், மூல ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் பூட்டி வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். சலிக்காமல் செய்ய வேண்டிய பழக்கம் இது.

பீக்கை வைத்து அளந்தால் என்ன ஆகும்

பீக் என்பது அலை தொடும் மிக உயர்ந்த புள்ளி. பீக் நார்மலைஸ் அந்த ஒரு புள்ளியைத்தான் பார்க்கும். -4-ல் இருக்கும் பீக்கை -1-க்குக் கொண்டுவரச் சொன்னால் ஃபைல் முழுவதையும் 3 டெசிபல் ஏற்றும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த கணக்கு.

நான் ஆரம்பத்தில் மரத்தரையில் எட்டுக் காலடிகளைப் பதிவு செய்து, எட்டையும் தனித்தனியாக -1 டெசிபல் பீக்குக்கு நார்மலைஸ் செய்து அடுக்கினேன். கேட்டால் ஒருவர் நடப்பது போலவே இல்லை. ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் துணிச் செருப்பும் போட்டு நடப்பது போல இருந்தது. அலையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மூன்றாவதிலும் ஏழாவதிலும் குதிகாலின் ஓரம் பலகையில் பட்டு, இரண்டு மூன்று மில்லிசெகண்டுக்கு ஊசி போல ஒரு கூர்முனை எழுந்திருந்தது. பீக் கணக்கு முழுவதையும் அந்த ஊசியே தின்றுவிட்டது. அதன் பின்னால் வரும் உண்மையான காலடி, அந்த ‘தொம்’ என்ற உடல், கீழேயே கிடந்தது. ஊசி இல்லாத மற்ற ஆறும் ஏகமாய் மேலே ஏறிவிட்டன.

நம் காது அந்த ஊசியைச் சத்தமாகக் கணக்கெடுப்பதில்லை. சிறிது நேரத்துக்குள் எவ்வளவு ஆற்றல் வருகிறது, அது எந்த அலைவரிசையில் வருகிறது என்பதை வைத்தே ‘இது பலமானது, அது மெல்லியது’ என்று சொல்கிறது. பீக் எண் எதற்கு உதவும் என்றால், வெட்டுப்படாமல் காக்க. அந்த வேலையை மட்டும் அதனிடம் கொடுங்கள்.

லஃப்ஸ்: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

ஒலியின் பலத்தைக் காது உணரும் விதத்துக்கு நெருக்கமாக அளக்க உருவான அலகுதான் லஃப்ஸ் (LUFS). சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வெளியிட்ட ஐடியு-ஆர் பிஎஸ்.1770 என்ற தரநிலையிலிருந்து இது வருகிறது. அளப்பதற்கு முன் ஒலியை ஒரு ஃபில்டர் வழியாக அனுப்புவார்கள். அடி அதிர்வுகளைக் குறைத்து, 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவற்றைச் சுமார் 4 டெசிபல் தூக்கிவிடும் ஃபில்டர் அது. மூன்று எண்கள் கிடைக்கும்: மொமென்டரி என்பது 400 மில்லிசெகண்ட் அளவு, ஷார்ட் டெர்ம் என்பது 3 விநாடி அளவு, இன்டெக்ரேட்டட் என்பது ஃபைல் முழுவதன் சராசரி. முழுச் சராசரி எடுக்கும்போது -70 லஃப்ஸுக்குக் கீழே உள்ள பகுதிகளை அமைதி என்று ஒதுக்கிவிடும். மீதியிலும் சராசரியைவிட 10-க்கு மேல் தாழ்ந்த பகுதிகளைச் சேர்க்காது.

ஐரோப்பிய ஒளிபரப்புக்கு -23 (2010-ல் வந்த இபியு ஆர் 128), அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு -24, ஸ்பாட்டிஃபையில் -14, ஆப்பிள் பாட்காஸ்டில் -16 என்றெல்லாம் படித்திருப்பீர்கள். இந்த எண்கள் எல்லாமே முழு நிகழ்ச்சிக்கும் முழுப் பாட்டுக்கும் ஆனவை. ஒரு கண்ணாடி உடையும் சத்தத்தை -23-க்குக் கொண்டுவா என்று எந்தத் தரநிலையும் கேட்கவில்லை. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முடிந்த மிக்ஸுக்கான எண்ணை ஒவ்வொரு துண்டுச் சத்தத்தின் மேலும் திணிக்காதீர்கள்.

சவுண்ட் டிசைனில் லஃப்ஸ் வழுக்கும் மூன்று இடங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

முதலாவது, குட்டி ஃபைல்கள். 400 மில்லிசெகண்டுக்கும் குறைவான ஃபைலுக்கு அளக்கும் சன்னலே, அதாவது ஒரு முறை அளக்க எடுக்கும் நேரத்துண்டே, நிரம்பாது. சில கருவிகள் எண்ணே காட்டாது, சில ஏதோ ஒன்றைக் காட்டும். பொத்தான் கிளிக், நாக்குச் சொடக்கு போன்றவற்றுக்கு முன்னும் பின்னும் அரை விநாடி அமைதியைச் சேர்த்து அளந்து, மொமென்டரியின் உச்ச எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த அமைதியை வெட்டிவிடலாம். 60 மில்லிசெகண்ட் கிளிக்கை 400 மில்லிசெகண்ட் சன்னலில் பரப்பி அளப்பதால் எண் சுமார் 8 டெசிபல் தாழ்ந்து வரும். அதனால் கிளிக்கைக் கிளிக்கோடு ஒப்பிடலாம், நீளமான சத்தத்தோடு ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது, அடி அதிர்வு மிகுந்தவை. பூமி குலுங்குவது, வெடியின் அடிவயிற்றுச் சத்தம் போன்றவற்றில் ஆற்றலின் பெரும்பகுதியை அந்த ஃபில்டர் கழித்துவிடும். ‘இது மெல்லியது’ என்று எண் வரும். அதை நம்பி ஏற்றினால் பீக் 0-ஐத் தாண்டும், ஸ்பீக்கர் திணறும். இவற்றுக்குக் காதும் பீக்கும்தான் வழி.

மூன்றாவது, மோனோவும் ஸ்டீரியோவும். ஒரே சத்தத்தை மோனோ ஃபைலாக அளந்தால் வரும் எண்ணைவிட, இரண்டு சானலிலும் அதையே வைத்த ஸ்டீரியோ ஃபைலாக அளந்தால் எண் 3 கூடுதலாக வரும். சத்தம் மாறவில்லை, சானல்களின் ஆற்றலைக் கூட்டுவதால் வரும் வித்தியாசம் இது. ஒரே ஃபோல்டரில் இரண்டும் கலந்திருந்தால் பாதி ஃபைல்கள் 3 டெசிபல் தவறிப்போகும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரின் லவுட்னஸ் நார்மலைசேஷனில் மோனோவை இரட்டை மோனோவாகக் கணக்கிடச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.

குடும்பம் பிரித்தல்

இப்போது ஃபைல்களைப் பிரிப்போம். எனக்கு மூன்று வகைதான்.

உறவு உள்ளவை. ஒரே பொருள், ஒரே இடம், ஒரே நிகழ்வின் சத்தங்கள். ஒரு கதவின் கீல், தாழ்ப்பாள், சாவி, அறைதல் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றுக்கு ஒரே கெய்ன்தான் கொடுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிக்கப்போகும் அடுக்குகளும் இதே வகை: வெடியின் முன்முனை, உடல், வால் என்று மூன்றாகப் பிரித்து எக்ஸ்போர்ட் செய்திருந்தால், அல்லது இசையின் பகுதிகளைத் தனித்தனியாக எடுத்திருந்தால். இவற்றில் ஒன்றை மட்டும் ஏற்றினால் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த கலவை கலைந்துவிடும்.

மாற்றுகள். ஒரே சத்தத்தின் பல டேக்குகள், அதாவது திரும்பத் திரும்ப எடுத்த பதிவுகள்: எட்டுக் காலடி, ஆறு வாள் வீச்சு, பத்துக் கிளிக். எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதால் அருகருகே இருக்க வேண்டும், அச்சு அசலாக இருக்கக் கூடாது.

தனியாட்கள். மழைச் சூழல் ஒலி, தொலைபேசி மணி, அறிவிப்பு மணி போல யாரோடும் சேராதவை. இவற்றை வகைக்கு ஒரு இலக்கு வைத்துத் தனித்தனியாக நார்மலைஸ் செய்யலாம்.

கதவைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஐந்து ஃபைல்களை அளந்தால் இப்படி வருகிறது என்று வையுங்கள். சாவி: பீக் -14, மொமென்டரி உச்சம் -31. தாழ்ப்பாள்: பீக் -6, உச்சம் -26. கீல் கிறீச்சிடுவது: பீக் -11, உச்சம் -21. மெதுவாக மூடுவது: பீக் -8, உச்சம் -22. அறைந்து சாத்துவது: பீக் -2.5, உச்சம் -13.

எல்லாவற்றின் மொமென்டரி உச்சத்தையும் -18-க்குக் கொண்டுவரச் சொன்னால் என்ன நடக்கும்? சாவி 13 டெசிபல் ஏறும், கூடவே அறையின் இரைச்சலும் மைக்கின் சீறலும் 13 டெசிபல் ஏறும். தாழ்ப்பாள் 8 ஏறி, பீக் +2-க்குப் போய் வெட்டுப்படும். அறைந்து சாத்துவது 5 இறங்கும். கடைசியில் கோபத்தில் கதவை அறைந்த ஆளும், யாருக்கும் தெரியாமல் சாவி போடுகிற ஆளும் ஒரே வேகத்தில் இருப்பார்கள். காட்சியின் கதையே போய்விடும்.

குடும்பமாகப் பார்த்தால் கணக்கு ஒரு வரிதான். குடும்பத்திலேயே உயர்ந்த பீக் -2.5. எனக்கு வேண்டியது -1. ஆகவே ஐந்துக்கும் +1.5 டெசிபல். சாவி இப்போதும் மெல்லியதாகவே இருக்கும், ஆனால் கதவோடு பொருந்தி இருக்கும்.

‘சாவி ரொம்பவே மெல்லிசாக இருக்கிறதே, மிக்ஸில் காணாமல் போகுமே’ என்று தோன்றினால் அதை மட்டும் 4 அல்லது 5 டெசிபல் ஏற்றுங்கள். அது நீங்கள் கேட்டு எடுக்கும் முடிவு. பொத்தானிடம் விட்ட முடிவு இல்லை என்பதே எனக்கு முக்கியம். எவ்வளவு ஏற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள்.

மாற்றுகளுக்கு நான் செய்வது பாதி வழி முறை. எட்டுக் காலடிகளின் மொமென்டரி உச்சங்களைப் பார்த்து நடுவான எண்ணைப் பிடிப்பேன். அது -26 என்று வைத்துக்கொள்வோம். -30-ல் இருக்கும் காலடியை முழு 4 டெசிபல் தூக்காமல் 2 மட்டும் தூக்குவேன். -23-ல் இருப்பதை 3 இறக்காமல் 1.5 இறக்குவேன். ஓடவிட்டால் துருத்திக்கொண்டு எதுவும் நிற்காது, ஆனால் மனிதர் நடப்பது போலவே இருக்கும். முழுதாகச் சமப்படுத்திய காலடிகளை ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள், தையல் இயந்திரம் ஓடுவது போலக் கேட்கும்.

தனியாட்களுக்கு நான் தொடங்கும் எண்கள் இவை: சூழல் ஒலிகளுக்கு இன்டெக்ரேட்டட் -30 அருகே, மணி போன்ற அறிவிப்புகளுக்கு மொமென்டரி உச்சம் -22 அருகே, அடி, மோதல் போன்ற பலமானவற்றுக்கு -16 அருகே. இது தரநிலை இல்லை, என் பழக்கம். உங்கள் வேலையில் வசனம் எந்த அளவில் நிற்கிறதோ அதைச் சுற்றி உங்கள் எண்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்துச் செய்வது

முதலில் ஒரு அட்டவணை போடுங்கள். ஃபைல் பெயர், குடும்பம், ட்ரூ பீக், மொமென்டரி உச்சம், கொடுத்த கெய்ன் என ஐந்து பத்தி போதும். ட்ரூ பீக் என்பது சாம்பிள்களுக்கு இடையே அலை எழும்பும் இடத்தையும் கணக்கிட்ட பீக். சாதாரண பீக் -0.2 காட்டும்போது ட்ரூ பீக் 0-ஐத் தாண்டியிருக்கலாம்.

ரீப்பர் என்ற ஒலி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது வசதியான வேலை. எல்லா ஃபைலையும் ஒரு ப்ராஜெக்டில் இழுத்துப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு ட்ராக்காக அடுக்குங்கள். ஃபைல் எழுதாமல் அளவை மட்டும் காட்டும் ‘ட்ரை ரன்’ ரெண்டர் (எக்ஸ்போர்ட்) அதில் உண்டு, எண்களை அதிலிருந்து எடுக்கலாம். ஐட்டங்களை (அடுக்கிய ஒலித் துண்டுகளை) நார்மலைஸ் செய்யும்போது பீக்கா, லஃப்ஸா, மொமென்டரி உச்சமா என்று கேட்கும். அதோடு, ஒவ்வொன்றையும் தனியாகவா, எல்லாவற்றுக்கும் பொதுவான கெய்னா என்றும் தேர்ந்தெடுக்கலாம். நான் மேலே குடும்பம் என்று சொன்னது அந்தப் பொதுவான கெய்ன்தான்.

ஆடாசிட்டியில் பல ட்ராக்குகளைத் தேர்ந்தெடுத்து ‘நார்மலைஸ்’ கொடுத்தால் ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாகக் கையாளும். ‘ஆம்ப்ளிஃபை’ கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கெய்ன், உறவு கலையாது. பெயரைப் பார்த்தால் இது புரியாது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘நார்மலைஸ்’ பெட்டியில் ஸ்டீரியோ சானல்களைத் தனித்தனியாகச் செய்யும் டிக் ஒன்று இருக்கும். சவுண்ட் டிசைன் ஃபைலில் அதைப் போடவே போடாதீர்கள். இடது பக்கம் வைத்த சத்தம் நடுவுக்கு வந்துவிடும்.

நூற்றுக்கணக்கான ஃபைல்களுக்கு எஃப்எஃப்எம்பெக் போன்ற கட்டளைக் கருவிகள் உதவும். அதன் லவுட்நார்ம் ஃபில்டரை ஒரே சுற்றில் ஓட்டினால், ஓடும்போதே கெய்னை ஏற்றி இறக்கி ஒலியின் உள்ளிருக்கும் மேடு பள்ளத்தையும் மாற்றும். அந்த நிலையில் வெளியே வரும் சாம்பிள் ரேட் 192 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும், திரும்ப 48-க்கு நீங்கள்தான் குறிப்பிட வேண்டும். துண்டுச் சத்தங்களுக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒரு சுற்றில் அளப்பேன், மறு சுற்றில் சாதாரண வால்யூம் ஃபில்டரால் நிலையான கெய்ன் மட்டும் கொடுப்பேன்.

இலக்கை எட்ட ஏற்றினால் பீக் -1-ஐத் தாண்டுகிறது என்றால் இரண்டு வழி. அந்த வகையின் இலக்கையே எல்லோருக்கும் சேர்த்து 2, 3 டெசிபல் இறக்கலாம். அல்லது அந்த ஃபைலில் மட்டும் லிமிட்டர் போடலாம். நான் முதல் வழியைத்தான் எடுப்பேன். காலடியில் பார்த்த ஊசி மாதிரி இருந்தால் லிமிட்டர் 2, 3 டெசிபல் சீவுவதில் குற்றமில்லை. அதற்கு மேல் போனால் அடியின் முனை மழுங்கி, சத்தம் கூடியும் வலு குறைந்துவிடும்.

சுழன்று ஓடும் லூப் ஃபைல்களில் கவனம். நிலையான கெய்ன் லூப்பை ஒன்றும் செய்யாது. லிமிட்டரோ, நேரத்தோடு மாறும் நார்மலைஸோ போட்டால் முடிவும் தொடக்கமும் வேறு வேறு லெவலில் நின்று, ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ என்று கேட்கும்.

கேட்டுச் சரிபார்ப்பது

ஸ்பீக்கரின் வால்யூம் திருகை ஒரு இடத்தில் வைத்து, அந்த இடத்தில் ஒரு சிறு டேப் துண்டு ஒட்டிவிடுங்கள். சரிபார்த்து முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள். கை தானாகத் திருகைத் தேடிப் போனால், அந்த ஃபைலின் லெவலில்தான் கோளாறு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் வரிசையில் கேட்காதீர்கள், கலைத்துப் போட்டுக் கேளுங்கள். காலடி 1, 2, 3 என்று அடுத்தடுத்துக் கேட்டால் காது பழகி, எல்லாம் சரியாகத் தோன்றும். மழைக்குப் பின் சாவி, சாவிக்குப் பின் மணி என்று வரும்போதுதான் துருத்துவது தெரியும். ஒரு சுற்று மிகக் குறைந்த வால்யூமிலும் கேளுங்கள், காணாமல் போகிறவை உடனே தெரிந்துவிடும். அப்புறம் வசனத்தோடும் இசையோடும் சேர்த்து ஒரு சுற்று. தனியாகக் கேட்கும்போது கச்சிதமாக இருந்த கீல் சத்தம் வசனத்தின் மேல் ஏறி நிற்பது அப்போதுதான் புலப்படும். எண்ணும் காதும் முரண்பட்டால் நான் காதின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் மறுநாள் காலை இன்னொரு முறை கேட்ட பிறகு.

மெல்லியவற்றை ஏற்றியிருந்தால் ஹெட்ஃபோனில் அவற்றின் வாலைக் கேளுங்கள். ஏற்றிய கெய்ன் இரைச்சலையும் சேர்த்தே ஏற்றியிருக்கும். ஃபைல் முடியும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று வந்து சட்டென்று அறுந்தால், முடிவில் 20, 30 மில்லிசெகண்ட் ஃபேட் (ஒலியைப் படிப்படியாக மங்கவைப்பது) போடுங்கள். போதவில்லை என்றால் சத்தத்தைத் திரும்பப் பதிவு செய்வதுதான் நல்லது.

ஒப்படைக்கும்போது எம்பி3 அல்லது ஆக் (Ogg) ஃபார்மேட்டுக்கு மாற்றச் சொன்னால், மாற்றிய பிறகு ட்ரூ பீக்கை மறுபடி அளங்கள். சுருக்கும்போது அலையின் உருவம் சற்று மாறி, பீக் மேலே போகும். -1 வரை இடம் விட்டது இதற்காகவும்தான். எம்பி3 தொடக்கத்திலும் முடிவிலும் துளி அமைதியைச் சேர்ப்பதால் லூப்புகளை அதில் கொடுக்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து ‘இன்னும் ஒரு கதவுச் சத்தம் வேண்டும்’ என்று கேட்பார்கள். அப்போது அட்டவணையைத் திறந்து, அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த +1.5-ஐப் பாருங்கள். அதே மைக், அதே தூரம் என்றால் அதே கெய்னைக் கொடுங்கள். வேறு பதிவு என்றால், முடித்து வைத்த ‘மெதுவாக மூடுவது’ ஃபைலைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் புதியதை அதற்குப் பொருத்துங்கள். பொருந்திய எண்ணை அட்டவணையில் ஆறாவது வரியாக எழுதிவிட்டு அனுப்புங்கள்.